'கிறிஸ்துவுக்குள்': ஒரு வேற்றுமை உருபும் அதன் எல்லையும்

பேழைக்குள் நோவா இருந்ததுபோல விசுவாசி கிறிஸ்துவுக்குள் பத்திரமாயிருக்கிறான் என்று பிரசங்கிப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. உவமை தவறன்று. ஆயினும் அது சுமத்தும் பாரத்தை 'உள்' என்னும் ஒரு சொல் தாங்குமா என்பதே நம் வினா.

பவுல் எழுதியது, 'என்' என்னும் கிரேக்க முன்னிடைச்சொல்லும் அதனை அடுத்து நான்காம் வேற்றுமைப் பெயருமாகும். வடமொழி இடப்பொருளுக்கென ஏழாம் வேற்றுமையைத் தனியே காத்துக்கொண்டது. கிரேக்கத்திலோ இடப்பொருளும் கருவிப்பொருளும் நான்காம் வேற்றுமையோடு கலந்துவிட்டன. ஆகவேதான் லூக்கா 22:49-இல் அதே இடைச்சொல் 'பட்டயத்தினாலே' எனக் கருவிப்பொருள் தருகிறது. பின்லாந்து மொழியிலோ உள்ளிருத்தல், உள்ளிருந்து நீங்கல், உட்புகுதல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனி உருபு உண்டு. அம்மொழித் திருமறை உள்ளிருத்தலின் உருபையே கிறிஸ்துவின் பெயரோடு சேர்க்கிறது.

தமிழின் நிலை வேறு. தொல்காப்பியர் ஏழாம் வேற்றுமைக்கு உருபு 'கண்' என்றார். அதன் பொருள்களாக அவர் அடுக்கும் பலவற்றுள் 'உள்' ஒன்று. இன்றைய வழக்கில் அஃறிணைக்கு 'இல்', உயர்திணைக்கு 'இடம்' என்பதே இயல்பு: 'வீட்டில்' என்போம், 'தகப்பனாரிடம்' என்போம். 'கிறிஸ்துவிடம்' என்று பெயர்த்திருந்தால் அவரோடுள்ள ஐக்கியம் புலப்பட்டிராது. ஓர் ஆளையே உறைவிடமாகக் கூறும் 'கிறிஸ்துவுக்குள்' என்பதை நம் முன்னோர் தெரிந்துகொண்டது நற்றுணிவே.

1892-இல் இச்சொற்றொடரை ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் தைஸ்மான், இடப்பொருளையே அடிப்படையாகக் கொண்டார். நாம் காற்றிலும் காற்று நம்மிலும் இருப்பதை ஒப்புமையாக்கினார். ஐக்கியத்தை அவர் அழகுற விளக்கினார் என்பதில் ஐயமில்லை. ஆனால் எல்லா இடங்களுக்கும் இது பொருந்துமா? 2 கொரிந்தியர் 5:18-இல் தேவன் 'இயேசுகிறிஸ்துவைக்கொண்டு' நம்மை ஒப்புரவாக்கினார் என வாசிக்கிறோம். அடுத்த வசனத்தில் அதே செயல் 'கிறிஸ்துவுக்குள்' நிகழ்கிறது. இங்கே விசுவாசி தங்குமிடம் பேசப்படவில்லை. தேவனுடைய செயலே முன்நிற்கிறது. அச்செயலைப் பெறுவது உலகம்.

இவ்வசனத்திலும் 'உள்' என்பதைச் சுவராகக் கொண்டால், உலகத்தை நோக்கிய ஒப்புரவு உள்ளே இருப்போரின் பாதுகாப்பாகச் சுருங்கிவிடும். சபையார் தங்களை உள்ளவர் என்றும் அயலாரை வெளியார் என்றும் எண்ணப் பழகுவர். ஒப்புரவாக்குதலின் ஊழியமோ மறக்கப்படும். ஆகவே இச்சொற்றொடர் வருமிடந்தோறும் அது உறைவிடத்தைக் குறிக்கிறதா, தேவன் செயல்படும் வழியைக் குறிக்கிறதா என ஆராய்ந்த பின்னரே பீடத்தில் ஏறுவோமாக.