இரைச்சலைப் பகிர்தல்: ஒரு மதிப்பீடு

சிங்கப்பூரின் பாசிர் ரிஸ் உணவங்காடி நிலையத்தில் மத்தியான வேளையில், இரும்புச் சட்டியில் கரண்டி மோதும் ஓசைக்கும் தட்டுகள் அடுக்கும் சத்தத்துக்கும் மேலாகச் சீனமும் மலாயும் தமிழும் ஆங்கிலமும் கலந்து எழும்போது, அமைதியான பரிசோதனை அறையில் செவியில் குறையில்லை என்று சொல்லப்பட்ட பெரியவர்கூட, எதிரே அமர்ந்த பேத்தியின் சொல்லைப் பிடிக்க இயலாமல் தவிப்பதுண்டு. இந்தத் தவிப்பை அளந்தறிய ஆராய்ச்சியாளருக்கு மெய்யான இரைச்சல் வேண்டும்; அதை ஒருவர் பதிவுசெய்து எல்லோருக்கும் வழங்கும் வழக்கத்தின் நிறைகுறைகளே இங்கு நம் விசாரணை.

அவ்வழக்கத்தின் முதற்சிறப்பு, ஒப்பிட்டுப் பார்க்க இடமளிப்பது. 100 பேர் பேசும் சிற்றுண்டிச்சாலையின் இரைச்சல் 1990களில் பொதுவில் கிடைத்தபின், ஓர் ஆய்வுக்கூடத்தின் முடிவை மற்றொன்று அதே இரைச்சலைக்கொண்டு சோதிக்க முடிந்தது. பொருள்வசதியற்ற சிறு ஆய்வாளருக்கும் செவித்துணைக் கருவியைப் பரீட்சிக்க வழி பிறந்தது. சிங்கப்பூரில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார், நகரின் பல இடங்களில் பதிவான 18 மணி நேரத்துக்கு மேற்பட்ட ஒலிகளை, இன்ன ஒலி இன்னது என்று குறித்து 2021இல் வெளியிட்டது போற்றத்தக்க பணி. ஆயினும் இரைச்சலின் மூலங்களை அடையாளம் காண எழுந்த அத்தொகுப்பு, மேசையில் அமர்ந்தவரின் இரு செவிகளுக்கும் எட்டுவதை அளக்க எழுந்ததன்று.

குறைகளுள் தலையாயது ஒலியளவைத் தொலைப்பது. 94 டெசிபல் வலிமையுள்ள 1000 ஹெர்ட்ஸ் ஒலியை அதே ஒலிவாங்கியில் பதித்துவைக்கவோ, வேறு வகையில் அளவைக் குறிக்கவோ செய்யாவிட்டால், அவ்விரைச்சல் முதலில் 60 டெசிபலா, 80 டெசிபலா என்பது பின்னர் அதைக் கையாளுபவருக்குத் தெரியாது. இரைச்சல் ஏற ஏற மனிதர் தம் குரலையும் உயர்த்துவராதலின், பேரிரைச்சலோடு சாந்தமான குரலைச் சேர்க்கும் சோதனை வாழ்வில் நிகழாத ஒன்றையே சோதிக்கிறது. அடுத்தது மொழி: பக்கத்து மேசைப் பேச்சு நமக்குப் புரியும் மொழியிலிருந்தால் கவனம் மேலும் சிதறும், ஆதலால் பாசிர் ரிஸ் தமிழ் மூதாட்டியின் இடர்ப்பாட்டை அயல்நாட்டுப் பேச்சொலி முழுமையாக உணர்த்தாது. மூன்றாவது அந்தரங்கம்: உண்ண வந்தோர் தம் பேச்சைப் பதிவுசெய்யச் சம்மதித்தவரல்லர், பேச்சை வடிகட்டி நீக்கினாலோ, ஆராய்ச்சிக்கு இன்றியமையாத பகுதியே போய்விடுகிறது.

இக்குறைகள் யாவும் திருத்தக்கூடியவையாதலால், பகிர்தல் தொடர வேண்டும் என்பதே என் அபிப்பிராயம். ஆஸ்திரேலியாவின் மெக்குவாரி பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள், உணவுக்கூடம் உள்ளிட்ட 13 சூழல்களை ஒலியளவுக் குறிப்போடு 2019இல் வெளியிட்டதுபோல, இங்கும் பாத்திர ஓசையையும் விசிறி முழக்கத்தையும் அங்காடியிலேயே பதிவுசெய்து, மனமுவந்து முன்வருவோரின் நான்மொழி உரையாடலைத் தனியே சேர்த்து, இடம், நேரம், கருவி, அளவு ஆகிய விவரங்களோடு வழங்கலாம். அத்தகைய சிரத்தையோடு வழங்கும் சில நிமிஷப் பதிவே, விவரமற்ற பல மணி நேரப் பதிவைக் காட்டிலும், காது மந்தமானவர்க்குப் பொருத்தமான கருவி அமையத் துணைசெய்யும்.