ஐம்பதுக்கு நூறு அடி

அமெரிக்காவில் புறநகர்ப் பிள்ளைப்பருவத்தைப் பற்றிப் பேச ரொம்ப நாளாக இரண்டே வழிகள்தான் இருந்தன. ஒன்று ஏக்கம். 1988 முதல் 1993 வரை ஒளிபரப்பான 'தி ஒண்டர் இயர்ஸ்' தொடர் இதற்கு நல்ல உதாரணம். 1968-ல் பன்னிரண்டு வயதாக இருக்கும் கெவின் என்ற பையனின் கதை. வளர்ந்துவிட்ட கெவினின் குரல் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும். முதல் முத்தம், புதுப் பள்ளியில் முதல் நாள், அப்பாவோடு முதல் சண்டை என்று ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரு மைல்கல், பெரும்பாலும் கடைசியில் ஒரு தெளிவு. அந்தப் புறநகருக்குக் கடைசிவரை பெயரே கிடையாது. அமெரிக்காவில் யார் பார்த்தாலும் தங்கள் ஊர் என்று நினைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் திட்டம்.

இரண்டாவது வழி ஏளனம். 1962-ல் மால்வினா ரெனால்ட்ஸ் எழுதிய 'லிட்டில் பாக்ஸஸ்' பாட்டு பலருக்குத் தெரிந்திருக்கும். சான் ஃபிரான்சிஸ்கோவை ஒட்டிய டேலி சிட்டியின் குன்றுகளில் வரிசையாக நிற்கும் வீடுகளைக் காரில் போகிறபோது பார்த்து எழுதியது. வீடும் ஒரே மாதிரி, உள்ளே இருக்கிற ஆளும் ஒரே மாதிரி என்பது அதன் கிண்டல். பாட்டு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் காரில் போகிறவருக்கு வீட்டுக்குள்ளே என்ன தெரியும்?

டி.ஜே. வால்டியின் 'ஹோலி லேண்ட்' 1996-ல் வந்தது. இந்த இரண்டு வழியிலும் போகாத நினைவுக் குறிப்பு அது. மெல்லிய புத்தகம். எண்ணிட்ட 316 சின்னச் சின்னப் பகுதிகள். சில ஒரு பக்கம் வரும், சில இரண்டு மூன்று வாக்கியங்களோடு முடிந்துவிடும். கலிஃபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலஸுக்குத் தெற்கே இருக்கும் லேக்வுட்தான் களம். வால்டி பிறந்தது 1948-ல். அதற்கு இரண்டு வருஷம் முன்பு அவருடைய பெற்றோர் வாங்கிய வீட்டிலேயே வளர்ந்தார், பெற்றோர் இறந்த பிறகும் அதிலேயே இருந்தார். அந்த ஊரின் நகராட்சியிலேயே வேலை. கண்பார்வைக் கோளாறால் கார் ஓட்ட முடியாது, அதனால் தினமும் நடந்தே அலுவலகம் போய் வந்தார். காருக்காகவே கட்டப்பட்ட ஊரை ஒருவர் காலால் அளந்தபடி எழுதிய புத்தகம் இது.

புத்தகத்தைத் திறந்தால் முதலில் குழப்பம்தான் வரும். குடும்பக் கதை என்று நினைத்துப் போகிறவருக்கு மனையின் நீள அகலம் கிடைக்கும். ஐம்பது அடிக்கு நூறு அடி, அதாவது 5,000 சதுர அடி. நம்மூர் மனைக் கணக்கில் இரண்டு கிரவுண்டுக்குக் கொஞ்சம் கூட. அதில் 1,100 சதுர அடி வீடு. மரச்சட்டத்தின் மேல் கம்பிவலை அடித்து, அதன்மேல் ஒரு அங்குலம்கூட வராத சாந்துப் பூச்சு. லைமா பீன்ஸ் விளைந்துகொண்டிருந்த வயல்களில் 1950-ல் ஆரம்பித்து மூன்று வருஷத்துக்குள் 17,500 வீடுகள் எழுந்தன. கார் தொழிற்சாலையில் கார்தான் தொழிலாளியிடம் நகர்ந்து வரும். இங்கே வீடு நின்ற இடத்தில் நிற்க, ஒரே ஒரு வேலையை மட்டும் தெரிந்த ஆட்கள் குழு குழுவாக வீட்டுக்கு வீடு நகர்ந்துகொண்டிருந்தார்கள். வாங்கியவர்களில் பலர் இரண்டாம் உலகப்போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள். அரசு உத்தரவாதம் கொடுத்ததால் முன்பணம் இல்லாமலேயே நீண்டகாலக் கடன் கிடைத்தது. பக்கத்திலேயே டக்ளஸ் விமானத் தொழிற்சாலை, அதில் வேலை.

இதெல்லாம் எதற்கு, அம்மா அப்பாவைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்கத் தோன்றும். எனக்கும் முதல் ஐம்பது பகுதிகள்வரை அப்படித்தான் தோன்றியது. பிறகு இந்த அளவுகள்தான் குடும்பக் கதை என்பது பிடிபட்டது. ஒரு குழந்தைக்குத் தன் வீடு சின்னதா பெரிதா என்றெல்லாம் தெரியாது. இரண்டு கட்டிலுக்கு நடுவே எவ்வளவு இடம், அப்பா ரேடியோவை அணைப்பது எந்த அறைவரை கேட்கும், பக்கத்து வீட்டு ஜன்னல் எத்தனை அடி தள்ளி என்பவைதான் அதன் உலகம். யாரோ ஒரு கட்டுமான முதலாளி காகிதத்தில் போட்ட கோடு, இன்னொருவருக்கு அண்ணனோடு சண்டை போட்ட தூரமாக மாறிவிடுகிறது.

மைல்கல் என்ற சங்கதியையும் இங்கே யோசிக்கலாம். குடும்ப ஆல்பத்தில் இருப்பவை பெரும்பாலும் யாரோ "இங்க பாரு, சிரி" என்று சொன்ன தருணங்கள். பிறந்தநாள், பட்டமளிப்பு, புது கார். மற்ற எல்லா நாட்களும் படமில்லாமல் போய்விட்டன, வாழ்ந்தது என்னவோ அந்த நாட்களில்தான். வால்டி அந்த ஆல்பத்தைப் பெரிதாகத் தொடுவதில்லை. அவருடைய புத்தகத்தில் பெரிய சம்பவம் என்றால் மரணம்தான், அதையும் எப்படிச் சொல்கிறார் என்று பாருங்கள். அப்பா குளியலறைக் கதவுக்குப் பின்னால் இறந்தார். உடனே எழுத்து அந்தக் கதவின் பக்கம் போகிறது. நல்ல மரத்தில் செய்த, மூன்று பலகை வைத்த கதவு. அந்தப் பலகைகளின் அளவு என்ன என்று அங்குலத்தில் சொல்கிறார். அழுகிற வாக்கியம் ஒன்றுகூட அங்கே கிடையாது. துக்க வீட்டில் எதையும் பேச முடியாமல் சுவரையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் மகனை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த மகனின் பார்வைதான் இந்த நடை.

அசோகமித்திரனைப் படித்துப் பழகிய தமிழ் வாசகருக்கு இந்தக் குரல் அந்நியமாகத் தெரியாது. '18வது அட்சக்கோடு' நாவலில் செகந்திராபாத்தின் ரயில்வே குடியிருப்பும் கிரிக்கெட்டும் எவ்வளவு சாதாரணமாக வருகின்றனவோ, அதே சாதாரணத்தோடுதான் வரலாறு உள்ளே நுழைந்து கழுத்தைப் பிடிக்கும். குரலை உயர்த்தாமலே பயமுறுத்தும் அந்த வித்தை வால்டியிடமும் உண்டு.

இன்னொரு காரியமும் செய்கிறார். 'நான்' என்று ஆரம்பிப்பவர் திடீரென்று 'அவன்' என்பார், பிறகு 'நீ' என்பார். மூன்றும் ஒரே ஆள். முதலில் இது வெறும் உத்தியாகத் தோன்றலாம். ஆனால் வீட்டில் மகனாகவும், நகராட்சியில் அதிகாரியாகவும், தெருவில் வெறும் பாதசாரியாகவும் இருக்கிற ஒருவர் எந்த நாற்காலியிலிருந்து பேசுகிறார் என்ற கேள்வி நியாயமானது. வீட்டு முற்றத்தில் பழைய சாமான்களைக் குவித்துக்கொண்டே போகும் ஒரு முதியவரை நகராட்சி நெருக்குகிற கதை துண்டு துண்டாக வருகிறது. அந்த நகராட்சியின் சம்பளக்காரர்தான் அதை எழுதுகிறார். நமக்குக் கிழவரின் மேல் பாசம் வருகிறது, ஆனால் அவருடைய பக்கத்து வீட்டுக்காரர்களின் எரிச்சலும் புரிகிறது. யார் பக்கமும் சாய விடாமல் வைத்திருக்கிறார்.

இனி முக்கியமான இடம். வால்டி தன் ஊரை நேசிக்கிறார், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ஊரில் யாருக்கு வீடு கிடையாது என்பதையும் அதே நிதானத்தோடு எழுதுகிறார். அந்தப் பகுதியின் பழைய மனைப் பத்திரங்களில் கறுப்பர்களுக்கும் மெக்ஸிகர்களுக்கும் யூதர்களுக்கும் விற்கக்கூடாது என்ற நிபந்தனைகள் இருந்தன. 1948-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட இன நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டது. ஆனாலும் கடன் கொடுத்தவர்களின் பழக்கமும் விற்பனையாளர்களின் பழக்கமும் மாறவில்லை. வீட்டுக்கடனுக்கு உத்தரவாதம் தந்த மத்திய அரசு அமைப்பின் விதிகளே ஒரே இனத்தவர் வாழும் குடியிருப்புகளுக்குச் சாதகமாக எழுதப்பட்டிருந்தன. இதில் ஒரு விசித்திரம் உண்டு. லேக்வுட்டைக் கட்டிய லூயிஸ் போயர், மார்க் டேப்பர், பென் வைன்கார்ட் மூவரும் யூதர்கள். அந்தப் பழைய பத்திரங்களின்படி பார்த்தால் அவர்களுக்கே அங்கே இடம் கிடையாது. வால்டி இதைச் சொல்லிவிட்டு, கருத்து எதுவும் சேர்க்காமல் அடுத்த எண்ணுக்குப் போய்விடுகிறார்.

'அந்தக் காலத்துல எல்லாரும் ஒண்ணா இருந்தோம்' என்ற வாக்கியம் எந்த மொழியில் வந்தாலும் இந்தக் கேள்வியின் முன்னால் கொஞ்சம் தடுமாறும். எல்லாரும் என்றால் யார்? கெவினின் ஊருக்குப் பெயர் இல்லாததால் அங்கே பத்திரமும் இல்லை, பத்திரத்தில் நிபந்தனையும் இல்லை. பெயரும் அளவும் உள்ள ஊரைத்தான் இப்படிக் கேள்வி கேட்க முடியும். வால்டி ஏன் இவ்வளவு எண்களைக் கட்டிக்கொண்டு அழுகிறார் என்பதற்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான்.

லேக்வுட் வெளியுலகுக்குப் பெரிதாகத் தெரியவந்தது நல்ல காரணத்துக்காக இல்லை. 1993-ல் உயர்நிலைப் பள்ளிப் பையன்களின் கும்பல் ஒன்று பெண்களிடம் நடந்துகொண்ட விதம் தேசியச் செய்தியானது. ஜோன் டிடியன் 'நியூ யார்க்கர்' இதழில் அதைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். விமானத் தொழிற்சாலை ஆட்களைக் குறைத்ததும் அந்த ஊரின் கனவு எப்படிக் கழன்றது என்பது அவருடைய பார்வை. கூர்மையான கட்டுரை, ஆனால் வெளியிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனவருடையது. மூன்று வருஷம் கழித்து வந்த 'ஹோலி லேண்ட்' அங்கேயே இருந்துவிட்டவரின் சாட்சியம். பிறகு டிடியனே 2003-ல் வெளியான 'வேர் ஐ வாஸ் ஃப்ரம்' நூலில் வால்டியை மேற்கோள் காட்டினார்.

புத்தகத்தில் குறை இல்லாமல் இல்லை. அம்மா அதிகம் தெரியவில்லை. அப்பாவுக்குக் கிடைத்த கதவுகூட அவருக்குக் கிடைக்கவில்லை என்று தோன்றுகிறது. 1,100 சதுர அடியில் அதிக நேரம் இருந்தவர் அவராகத்தானே இருப்பார்? சமையலறையின் நீள அகலத்தை அவர் எப்படி அறிந்திருப்பார் என்பது இந்தப் புத்தகத்துக்குள் வராத இன்னொரு புத்தகம். விலக்கப்பட்டவர்களும் அப்படித்தான். பெரும்பாலும் ஒரு நிபந்தனையாக, ஒரு சொல்லாக வந்துபோகிறார்கள். வீடு கிடைக்காமல் திரும்பிய ஒரு குடும்பம் அன்று மாலை எங்கே போனது என்று நமக்குத் தெரிவதில்லை. வேலிக்குள் இருந்து நேர்மையாக எழுதியவர், வேலிக்கு வெளியே போகவில்லை. எண்ணிட்ட துண்டுகளுக்கும் ஓர் ஆபத்து உண்டு. சங்கடமான இடம் வந்தால் அடுத்த எண்ணுக்குத் தாவிவிடலாம். ஒன்றிரண்டு இடங்களில் அந்த மௌனம் அடக்கமா, தப்பித்தலா என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

நம் பக்கம் இப்போது '90ஸ் கிட்ஸ்' நினைவுகள் மலிந்து கிடக்கின்றன. தேன்மிட்டாய், ஒளியும் ஒலியும், வாடகை சைக்கிள். இதையெல்லாம் எழுதக்கூடாது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, படித்தால் எனக்கும் பிடிக்கிறது. ஆனால் பொருட்களின் பட்டியல் யாருக்கும் வலிக்காது. தாம்பரத்திலோ ஆவடியிலோ அம்பத்தூரிலோ ஒரு வீட்டில் வளர்ந்த ஒருவர், அந்த மனை முன்பு யாருடைய வயல், எந்த ஏரியின் கரை, அப்பா எத்தனை வருஷம் கடன் கட்டினார், அந்தத் தெருவில் யாருக்கு வாடகைக்கு வீடு கொடுக்க மாட்டார்கள் என்று எழுத ஆரம்பித்தால் தேன்மிட்டாயின் சுவையே கொஞ்சம் மாறலாம். இனிப்பு போய்விடாது, கூடவே வேறு ஒன்றும் நாக்கில் நிற்கும்.

'ஹோலி லேண்ட்' தமிழில் வரவேண்டும் என்று ஆசை. அதுவரை ஆங்கிலத்தில் படிப்பவர்களுக்கு ஒரு யோசனை: ஒரே மூச்சில் முடித்துவிடாதீர்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து பகுதிகள் போதும். நடுவில் எழுந்து, நீங்கள் வளர்ந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து ஒரு காகிதத்தில் போட்டுப் பாருங்கள். பிறகு வீட்டுக்கு போன் போட்டு, மனையை யாரிடம் வாங்கினோம் என்று கேளுங்கள். பேச்சு அரை மணி நேரம் நீளும் என்று நினைக்கிறேன்.