வாழையும் குயிலும் பால்மரமும்

"நீ யார்?" என்று வினவினால், ஒருவன் தன் பெயரைச் சொல்வான், தந்தை பெயரையும் ஊரையும் தொழிலையும் சேர்த்துச் சொல்வான். பெரட்டுக் களத்திற்கும் கணக்குப் பேரேட்டிற்கும் இவ்வளவே போதும். கவிதைக்கு இது போதாது. அதனாலன்றோ கவிபாடுவோர் பலர் "நான் ஒரு மலர்", "நான் ஒரு நதி" என்று இயற்கையைத் துணைக்கு அழைக்கின்றனர்? ஹைக்கூ என்னும் மூன்றடிக் கவிதை நம்மவரிடையே பெருகிவிட்டபடியால், இவ்வழக்கமும் உடன் பெருகிவிட்டது. இயற்கைப் பொருளொன்றைக் காட்டித் தன்னைச் சொல்லிக்கொள்வது எப்போது கவிதையாகிறது, எப்போது வெறும் வாய்ப்பேச்சாகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஹைக்கூவின் தாயகமாகிய ஜப்பானை முதலில் நோக்குவோம். 5, 7, 5 என்னும் அளவில் 17 ஓசையலகுகள், பருவத்தைச் சுட்டும் சொல் ஒன்று, பொருளை வெட்டி நிறுத்தும் சொல் ஒன்று: இவை அதன் பழைய மரபு. இவ்வளவு சிறிய இடத்தில் தன்னை விரித்துரைக்க வழியேது? ஆயினும் அந்நாட்டுக் கவிஞர் தம்மை மறைத்துக்கொண்டாரல்லர். அவர்கள் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட புனைபெயர்களே இவ்விஷயத்தில் நமக்குச் சிறந்த பாடமாகும்.

1644-இல் இகா நாட்டில் மட்சுவோ குடும்பத்தில் பிறந்த கவிஞர் முன்னர் "தோசெய்" என்ற பெயரால் எழுதிவந்தார். பழுக்காத பீச்சுப் பழம் என்பது அதன் பொருள். இன்று தோக்கியோ எனப்படும் எடோ நகரின் சந்தடியை விட்டு, 1680-இல் ஆற்றுக்கு அப்பாலுள்ள ஃபுக்காகாவாவில் ஒரு குடிசையில் குடிபுகுந்தார். மறு ஆண்டு மாணாக்கர் ஒருவர் அவருக்கு வாழைக்கன்று ஒன்று கொடுத்தார். அது முற்றத்தில் தழைத்தது. குடிசை வாழைக் குடில் எனப்பட்டது. கவிஞரும் வாழை என்று பொருள்படும் "பாஷோ" ஆனார். 1694-இல் மறைந்த அவரை உலகம் இன்றும் அப்பெயராலேயே அறிகிறது.

வாழை என்றதும் நமக்கு மணப்பந்தல் வாயிலும் தலைவாழை இலையும் "வாழையடி வாழை" என்னும் வாழ்த்தும் நினைவுக்கு வரும். பாஷோவின் வாழை அத்தகையதன்று. அக்குளிர் நாட்டில் அது உண்ணத்தக்க கனி தராது. தண்டு மரவேலைக்கு உதவாது. இலையோ காற்றில் கிழிந்துபோகும். பிறர் பயனற்றது என்று ஒதுக்கும் அத்தன்மையே அவரைக் கவர்ந்தது. அதனை உரைநடையிலும் எழுதி வைத்தார். ஒரே இனத்துச் செடி நமக்கு மங்கலத்தின் அடையாளம். அவருக்கு நிலையாமையின் அடையாளம். செடி தானாக எப்பொருளையும் கொண்டு வருவதில்லை. அதனோடு வாழ்ந்தவனே அதற்குப் பொருள் தருகிறான்.

இனி, 1867-இல் பிறந்த மசாவோக்கா ஷிகியைக் காண்போம். ஹைக்கூ என்ற பெயரை நிலைநாட்டியவர் இவரே. 1889-இல் காசநோயால் இரத்தம் கக்கினார். பாடிப் பாடி இரத்தம் கக்கும் என்று ஜப்பானியர் சொல்லும் குயிலினப் பறவை ஒன்றுண்டு. அதன் பெயர்களுள் ஒன்றே "ஷிகி". அதனைத் தமக்குப் பெயராக எடுத்துக்கொண்டார். இறுதி ஆண்டுகளைப் படுக்கையிலேயே கழித்து, 1902-இல் மறைந்தார். மறைவதற்கு முன் அவர் எழுதிய கடைசி மூன்று ஹைக்கூக்களும் தோட்டத்திலிருந்த பீர்க்கினத்துக் கொடியைப் பற்றியவை. அக்கொடியின் நீர் கபத்திற்கு மருந்து. சாகுந்தறுவாயில் வானத்தையும் கடலையும் தேடாமல், தமக்கு மருந்து தந்த கொடியையே அவர் பாடினார். அப்பாட்டை வேறெவரும் பாடியிருக்க முடியாது.

நிற்க. தமிழருக்கு இக்கவிதை முற்றும் புதியதன்று. 1916-ஆம் ஆண்டிலேயே பாரதியார் "சுதேசமித்திர"னில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதினார். இயற்கையால் பெயர் பெறும் வழக்கமோ நம்மிடம் அதனினும் மிகப் பழையது. குறுந்தொகையைப் புரட்டிப் பாருங்கள். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார், ஓரேருழவனார், குப்பைக் கோழியார் என்ற பெயர்கள் காணப்படும். இவை பெற்றோர் இட்ட பெயர்களல்ல. இயற்பெயர் அறியப்படாமையால், அவரவர் பாட்டிலுள்ள உவமையையோ தொடரையோ கொண்டே அவர்கள் அழைக்கப்பட்டனர். ஜப்பானியக் கவிஞர் தாமே பெயரைத் தேடிக்கொண்டார். நம் கவிஞருக்கோ பாட்டே பெயர் தந்தது. மக்கள் நீங்கிய வீட்டு முற்றத்தில் அணில் விளையாடுவதை ஒருவர் கூர்ந்து கண்டார். தலைவனைப் பிரிந்தவளின் வெறுமைக்கு அதனை உவமையாக்கினார். ஊரும் குலமும் மறைந்தன. கண்ட காட்சி மறையவில்லை.

இவ்வளவுகோலைக் கொண்டு இன்று நம்மிடையே எழுதப்படும் வரிகளை நிறுத்துப் பார்ப்போம். பனி பெய்யாத மலாயா மண்ணில் பனித்துளி உறைகிறது, செர்ரிப்பூ உதிர்கிறது. எழுதியவர் பெயரை எடுத்துவிட்டால், எழுதியவர் யார் என்று அறிய ஓர் அடையாளமும் இல்லை. பருவம் வேண்டுமா? ஆண்டின் முற்பகுதியில் பால்மரங்கள் இலையுதிர்க்கின்றன, பால் குறைகிறது, வெட்டுவோர் வருமானமும் குறைகிறது. தோட்டத்துப் பிள்ளைகள் சருகுகளின் மேல் ஓடி விளையாடும் அதே மாதத்தில் தாய்மார் கடைக்கணக்கை எண்ணிக் கவலையுறுகின்றனர். இதனினும் உண்மையான பருவச்சொல் நமக்கு வேறு எங்கே கிடைக்கும்?

உள்ளூர்ப் பொருளை எடுத்துக்கொண்டால் மட்டும் போதாது என்பதையும் சொல்லவேண்டும். "நான் ஒரு பால்மரம், பிறருக்காகக் கண்ணீர் வடிக்கிறேன்" என்ற கருத்து பலமுறை பாடப்பட்டுவிட்டது. கேட்போர் உள்ளம் உருகுகிறது. ஆயினும் அது பாதி உண்மையே. கத்தி யார் கையில் இருக்கிறது? வெட்டும் தொழிலாளியின் கையிலன்றோ? மரத்தோடு தன்னை ஒப்பிடுபவள், அம்மரத்தின் பட்டையைத் தானே சீவுகிறாள் என்பதை மறந்துவிடுகிறாள். அம்மரத்திற்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஓய்வு தருகிறார்கள். சீவிய இடத்தில் புதுப்பட்டை வளரும் வரை காத்திருக்கிறார்கள். வெட்டுபவளோ மரம் ஓய்வு கொள்ளும் நாளில் அடுத்த நிரைக்குப் போகவேண்டும். அவளுக்கும் மரத்திற்கும் உள்ள ஒற்றுமையைவிட இவ்வேற்றுமையே சுடுகிறது. உண்மையான கவிதை அங்கேதான் இருக்கிறது. உவமை எல்லாப் பக்கமும் பொருந்திவிட்டால் அது கண்ணாடியில் முகம் பார்ப்பதோடு நின்றுவிடும். பொருந்தாத ஓரிடத்தைக் கண்டு சொல்பவனே தன்னையும் கண்டவனாவான்.

ஆகவே, ஹைக்கூ எழுதும் இளைஞர்களுக்கும் நங்கையர்க்கும் ஒரு வேண்டுகோள். 17 என்ற எண்ணிக்கையைப் பற்றி மிகக் கவலற்க. தமிழோசை வேறு, ஜப்பானிய ஓசை வேறு. "நான்" என்ற சொல்லைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, நாள்தோறும் உங்கள் கைபடும் பொருளொன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மங்கின் அடியில் உறைந்த பாலாயினும் ஆகுக. செம்பனைக் குலையின் முள்ளாயினும் ஆகுக. நகரத்து அடுக்குமாடி வீட்டின் சாளரத்தில் வைத்த துளசிச் செடியாயினும் ஆகுக. அது உங்களோடு எங்கே ஒத்துப்போகிறது, எங்கே ஒத்துப்போக மறுக்கிறது என்று பொறுமையாக நோக்குங்கள். மறுக்கும் இடத்தை மூன்றடியில் சொல்லிவிட்டு விலகி நில்லுங்கள். படிப்பவர் உங்களை அங்கே கண்டுகொள்வர்.