குறிஞ்சிப்பாட்டில் பூவும் வாழ்வும்

குறிஞ்சிப்பாட்டைப் பற்றிப் பேசப் புகுவோர் பலர், கபிலர் அடுக்கிய 99 பூக்களை எண்ணி வியந்து அமைந்துவிடுவர். தாவரநூல் பயின்ற ஆராய்ச்சியாளர் ஒருபடி மேற்சென்று ஒவ்வொரு பூவுக்கும் இலத்தீன் பெயர் தேடினர். பி. எல். சாமியின் 'சங்க இலக்கியத்தில் செடிகொடி விளக்கம்' (1967) இத்துறையில் நமக்கு நல்ல வழிகாட்டி. நச்சினார்க்கினியர் பெயரோடு 'பூ' என்று மட்டும் கூட்டி மேற்செல்லும் இடங்களில் அவ்வுழைப்பின் அருமை புலனாகும். ஆயினும் பெயர் காண்பதோடு ஆராய்ச்சி நின்றுவிடலாமா?

அப்பட்டியலை நேரிற் கண்ட குறிப்பாகக் கொள்வதிலும் இடர் உண்டு. கடற்கரை மணலிற் படரும் அடும்பும் அதில் வருகிறது. ஒரு மலைச்சாரலில், ஒரே பகற்பொழுதில், இவ்வளவு பூவும் கொய்தல் இயலாது. கபிலர் பிழைபடப் பாடினார் எனக் கூற நாம் துணியோம். ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவித்தற்குப் பாடியது என்னும் பழங்குறிப்பு மெய்யாயின், அயலானுக்குத் தமிழ்நிலம் முழுவதையும் ஒரு பாறைமேற் குவித்துக் காட்டினார் எனலாம். (தமிழகத்துக்கு வெளியே சங்கம் நடத்தும் நமக்கு இக்குறிப்பு சற்றுக் கூடுதலாகவே இனிக்கிறது.)

செடிகொடிகளோடு மக்கள் வாழ்ந்த வாழ்வை அறிய வேண்டுவோர் பட்டியலின் முன்னும் பின்னும் உள்ள அடிகளைப் படித்தல் வேண்டும். தினைப்புனம் காக்கும் மகளிர் ஏறியமரும் பரண் மரத்தின்மேல் அமைந்தது. கிளியோட்டும் தட்டை மூங்கிலைப் பிளந்து செய்தது. பூக்கொய்த பின்னர்த் தழையை உடையாகத் தைத்து உடுத்து, கோதையைக் கூந்தலிற் கட்டி, அசோகின் நிழலில் அமர்கின்றனர். பூக்களை எண்ணி முடித்தவுடன் ஏட்டை மூடுவோர் இழப்பது இதனையே.

வேங்கையும் அத்தொண்ணூற்றொன்பதில் ஒன்று. அது பூத்தால் தினை முற்றிற்று என்பது குறிஞ்சித்திணைப் பாடல்களின் வழக்கு. கதிர் கொய்தால் காவல் முடியும். காவல் முடிந்தால் தலைவி மனைக்குத் திரும்ப வேண்டும். தலைவனைக் காண்பது அரிதாகும். அதனாலன்றோ வேங்கை மலர்ந்தது கண்டு தோழி கலங்குகிறாள்! மரத்தின் இலத்தீன் பெயரை மட்டும் அறிந்தவர்க்கு அக்கலக்கம் விளங்காது. மரத்தைப் பார்த்து அறுவடை நாள் குறித்தவர்க்கே விளங்கும்.

கொல்லிமலையில் தினையும் சாமையும் விதைத்து வாழ்ந்த முதியோர் இன்றும் உளர். எம்மரம் பூக்கும்போது கதிர் கொய்தீர் என்று அவர்களிடம் கேட்டெழுதுவதும் உரை காண்பதே என்பது நம் கருத்து. நிகண்டு எப்பொழுதும் கிடைக்கும்; அம்முதியோர் கிடையார்.