வடிவமும் உழைப்பும்: கணினி வரைபியலின் அறிவுப் பாகுபாடு பற்றிய ஒரு நோக்கு

ஓர் அறிவுத்துறையைத் தொகுக்க முற்படுவோர் முதலில் எதிர்நோக்கும் வினா, அத்துறையில் எவ்வெப் பொருள்கள் உள, அவை தம்முள் எத்தகைய உறவுடையன என்பதாகும். கணினியும் கையாளத்தக்க வகையில் இவ்வினாவிற்கு எழுதப்படும் விடையே இன்று ஒன்டோலொஜி எனப்படுகின்றது. 1993இல் தொம் குறூபர் அதற்கு வகுத்த வரைவிலக்கணம் பலராலும் எடுத்தாளப்படுவது. கணினி வரைபியலில் இம்முறையைக் கையாண்ட முயற்சிகளுள், 2004இல் ஐரோப்பாவில் தொடங்கிய ‘எயிம் அற் ஷேப்’ திட்டம் குறிப்பிடத்தக்கது. வடிவத்தைப் புள்ளிகளும் பரப்புகளுமாகச் சேமித்தல் போதாது. அதன் அமைப்பும் பொருளும் உடன் பதியப்படல் வேண்டும் என்பது அதன் அடிப்படை.

கொள்கை ஏற்கத்தக்கதே. ஆயின் ‘பொருள்’ என்பதனுள் எவற்றை அடக்குவது? மலையகத் தேயிலையைக் கொண்டு இதனைச் சோதித்துப் பார்க்கலாம்.

ஹற்றனிலிருந்து நுவரெலியா செல்வோர் கண்ணுக்குத் தேயிலை, இடுப்பளவு உயர்ந்த, மேற்பரப்புச் சமமான புதர். திரையில் வரைபவரும் அவ்வாறே வரைவர். தொகுப்பிலும் ‘தாவரம், புதர், தட்டையான முடி’ எனப் பதிவாகும். அப்பதிவு பிழையானது. தேயிலை தன்னியல்பில் மரமாக உயர்வது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து அதனைத் தாழ்த்துகின்றது. ஏறத்தாழ வாரந்தோறும் கொழுந்தெடுக்கும் கை அதன் மட்டத்தைப் பேணுகின்றது. எனவே அச்சமதளம் செடியின் பண்பன்று, உழைப்பின் சுவடு. கைவிடப்பட்ட தேயிலை மரமாகிக் காடேறுவதைத் தோட்டத்தார் நன்கறிவர்.

வரைபியலார் இதனை முற்றும் அறியாதவரல்லர். 1968இல் லின்டன்மேயர் அமைத்த வளர்ச்சி விதிகளை விரித்து, கத்தரிப்புக்குச் செடி எவ்வாறு எதிர்வினை புரியும் என்பதை 1994இல் புருசின்கியேவிச்சும் உடனாய்வாளரும் காட்டினர். எனினும் ஆங்கே கத்தரிப்பு ஒரு வடிவ எல்லையாகவே இடம்பெற்றது, கத்தரிப்பவர் இடம்பெறவில்லை.

தொல்காப்பியர் கருப்பொருளை வகுத்தபோது மரத்தையும், தொழிலைக் குறிக்கும் ‘செய்தி’யையும் ஒரே நிரலில் வைத்தார். அதனை ஒன்டோலொஜிக்கு முன்னோடியெனப் பெருமை பேசுதல் ஆராய்ச்சியாகாது. ஆயினும், ஒரு நிலத்தின் மரத்தை அந்நிலத்தின் தொழிலோடு சேர்த்தே அறிதல் வேண்டும் என்னும் நோக்கு நமக்குப் பெரிதும் பயன்படும்.

கவ்வாத்து, மட்டம், நிரை, மலை என்பன வெறும் வட்டார வழக்குகளல்ல. ஒவ்வொன்றும் ஒரு தொழிலறிவின் பாகுபாடு. தோட்ட வழக்கில் ‘மலை’ என்பது கொழுந்து பறிக்கும் வேலைப்பகுதி. அதனை அறியாது தொகுப்பவர் அச்சொல்லைக் குன்றென்றே அடைவு செய்வார். வடிவத்துக்குப் பொருள் தேடுவோர், அவ்வடிவத்தை ஆக்கிய கைகளுக்குரியோரை முதலிற் கேட்டறிதல் வேண்டும்.