தெருப்பந்தும் வீட்டுக் கூடமும்

'குடும்பத்துடன் கண்டு களியுங்கள்' என்று சினிமா விளம்பரங்களில் போடுவார்கள். அப்படிப் போட்ட படங்களில் சிலவற்றைக் குடும்பத்துடன் பார்த்துவிட்டு நெளிந்திருக்கிறேன். ஆகவே, ஒரு வீடியோ விளையாட்டின் உறையில் வயது முத்திரை இருப்பதைக் கண்டு எனக்குத் திருப்தி ஏற்பட்டுவிடுவதில்லை. முத்திரை குத்துகிறவர்கள் ரத்தம் இருக்கிறதா, ஆபாசம் இருக்கிறதா, வசைச்சொல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியதுதான். ஆனால் ஒரு கதையைப் பற்றி இவ்வளவு மட்டும் கேட்டுவிட்டு யாராவது தீர்ப்புச் சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா? அந்தக் கதை நம்மை எதைக் கண்டு சந்தோஷப்பட வைக்கிறது என்று கேட்க வேண்டாமா? விளையாட்டில் அதை அறிவது இன்னும் சுலபம். எதற்குப் புள்ளி கொடுக்கிறார்கள் என்று பார்த்தால் போதும்.

எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கம்பெனியார் 2012ஆம் வருஷம் வெளியிட்ட 'ஃபிஃபா ஸ்ட்ரீட்' ஆட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். இதே வரிசையில் 2005, 2006, 2008 ஆகிய வருஷங்களில் மூன்று ஆட்டங்கள் வந்தன. மூன்றாவதில் ஆட்டக்காரர்கள் கேலிச்சித்திரம் மாதிரி இருப்பார்கள். 2012 ஆட்டத்தில் மனிதர்கள் மனிதர்களாகவே வருகிறார்கள். உறையில் மெஸ்ஸி. ஐரோப்பாவில் மூன்று வயது முத்திரை. பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 என்ற பெட்டிகளுக்காக வந்தது. அந்தப் பெட்டிகள் பழசாகிவிட்டாலும் சில வீடுகளில் டெலிவிஷனுக்கு அடியில் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

இதில் 'பன்னா' என்று ஒரு வித்தை. எதிராளியின் இரண்டு கால்களுக்கு நடுவே பந்தைத் தள்ளி, அவன் திரும்புவதற்குள் அந்தப் பக்கம் போய் எடுத்துக்கொள்வது. சூரினாமிலிருந்து ஹாலந்துக்குக் குடியேறியவர்களின் பேச்சிலிருந்து ஆம்ஸ்டர்டாம் தெருக்களுக்கு வந்த சொல். மைதானத்தில் இதற்குத் தனியாக மதிப்பு இல்லை. கோல் விழுந்தால்தான் கணக்கு. இந்த ஆட்டத்தில் 'பன்னா விதி' என்ற பிரிவில், எதிராளியை இப்படி முட்டாளாக்குவதற்கே புள்ளி உண்டு. ஆனால் ஒரு கோல் போட்டால்தான் சேர்த்த புள்ளிகள் கைக்கு வரும். அதற்குள் மற்றவன் கோல் போட்டுவிட்டால் அத்தனையும் போச்சு. கர்வத்துக்கு வைத்த கடிவாளம் என்று இதை நான் ரசித்தேன்.

ரசித்தது என் தங்கை பிள்ளைகள் ஆடிப் பார்க்கும் வரையில்தான். பெரியவனுக்குப் பதினான்கு, சின்னவனுக்கு ஒன்பது. பெரியவன் கோல் போடுவதற்கு அவசரப்படவே இல்லை. தம்பியின் கால் இடுக்கில் பந்தை விட்டு எடுப்பதும், மறுபடி விடுவதுமாக இருந்தான். ஐந்தாவது தடவையோ என்னவோ, சின்னவன் கன்ட்ரோலரைப் பாயில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டான். திரையில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. முத்திரை போட்டவர்கள் பேரில் ஒரு குற்றமும் சொல்வதற்கில்லை!

அதே டிஸ்கில் இதற்கு மாற்றும் இருக்கிறது. 'கடைசி ஆள்' ஆட்டத்தில், ஒரு கோல் போட்டால் போட்டவனுடைய அணியிலிருந்தே ஒருவர் வெளியேற வேண்டும். அணி முழுவதையும் முதலில் காலி செய்தவனுக்கு வெற்றி. ஜெயிக்க ஜெயிக்கப் பலம் குறைகிறது. பெரியவன் இரண்டு கோல் போட்டுவிட்டு, முழு அணியோடு நிற்கும் தம்பியிடம் திணறினான். கெட்டிக்காரனுக்கும் கற்றுக்குட்டிக்கும் நடுவில் இவ்வளவு நியாயமாக ஒரு தராசு பிடித்தவர் யாரோ, அவருக்கு அண்ணன் தம்பி இருந்திருக்க வேண்டும். என் தங்கைகூட அடுப்பை அணைத்துவிட்டு வந்து ஒரு ஆட்டம் ஆடினாள்.

புதிய பெட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தெருப்பந்து 2019இல் 'ஃபிஃபா 20' ஆட்டத்துக்குள் 'வோல்டா' என்ற பகுதியாகத் திரும்பி வந்தது. அங்கே பக்கத்து அறையில் 'அல்டிமேட் டீம்' என்ற கடை இருந்தது. உள்ளே எந்த ஆட்டக்காரன் என்று தெரியாத பொட்டலத்தைக் காசு கொடுத்து வாங்கிப் பிரிக்க முடிந்தது. இத்தகைய பொட்டலங்களைச் சூதாட்டம் என்று பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018இல் சொல்லியது. 2019 தொடக்கத்தில் கம்பெனியார் அந்த நாட்டில் அதற்கான விற்பனையை நிறுத்தினார்கள். 2012 டிஸ்கில் இந்தக் கடை கிடையாது.

ஆகவே பழைய டிஸ்கை வீட்டுக்குள் விடலாம் என்பது என் அபிப்பிராயம். எந்த விதிப்படி ஆடுவது என்பதை மட்டும், முந்தின ஆட்டத்தில் தோற்றவன் தீர்மானிக்கட்டும் என்று தங்கையிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். பெரியவனுக்கு அந்த ஏற்பாடு பிடிக்கவில்லை.