ஓடையும் மௌனமும்

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, குரோம் உப்பேற்றி, டிரம்களில் சுழற்றிக் கழுவிய நீர் ஒரு காலத்தில் பாலாற்றுக்கும் அதனை அடுத்த வயற்கிணறுகளுக்கும் தடையின்றிப் போய்ச் சேர்ந்ததும், அதனை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பொன்று தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே அதற்குரிய ஈட்டைத் தரவேண்டும் என்னும் நியாயத்தை நிலைநாட்டியதும் இப்பிரதேசத்தார் நன்கறிந்த சரித்திரம். அவ்வளவாகப் பேசப்படாதது அதன் பிற்பகுதி. 2014 பிப்ரவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பிறப்பித்த உத்தரவின் பயனாக, தோல் தொழிலும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும், கழிவுநீரின் அமிலகாரத் தன்மை, ஓட்டத்தின் அளவு முதலியவற்றை இடையறாது அளந்து அனுப்பும் கருவிகளைப் பொருத்தவேண்டியவையாயின. அக்கருவிகள் அனுப்புவதை வாங்கி, வரம்பு மீறிய கணத்தில் எச்சரிக்கவேண்டிய மென்பொருளை எவ்வாறு எழுதுவது என்னும் கேள்வியே, ரியாக்டிவ் புரோகிராமிங் என வழங்கும் எதிர்வினை நிரலாக்கத்தைக் கற்பதன் குணதோஷங்களை உரைத்துப் பார்க்க எனக்குக் கிடைத்த உரைகல்.

வழக்கமான நிரல் தனக்கு வேண்டியதைத் தானே போய்க் கேட்டு வாங்குகிறது. எதிர்வினை நிரலோ, வருவது வரும்போது செய்யவேண்டியதை முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டுக் காத்திருக்கிறது. எக்செல் தாளில் ஓர் எண்ணை மாற்றியதும் அதைச் சார்ந்த கூட்டுத்தொகைகள் தாமே மாறுவதைக் கண்டவர் எவரும் இதன் வித்தினை அறிந்தவரே. அவ்வித்தினை 1997இல் கோனல் எலியட்டும் பால் ஹூடக்கும் அசைபடங்களை வருணிக்கும் முறையாக வளர்த்தனர். மைக்ரோசாஃப்டில் எரிக் மையரின் குழு அதனை ஆர்எக்ஸ் என்னும் நூலகமாக்கிற்று. நெட்ஃபிளிக்ஸ் பொறியாளர்கள் 2013இல் அந்நூலகத்தை ஜாவா மொழிக்குக் கொணர்ந்தனர்.

இம்முறையின் பெருஞ்சிறப்பு, காலத்தையே கையாளத்தக்க ஒரு பொருளாக்கித் தருவது. ஓடை எனப்படும் நிகழ்ச்சிப் பிரவாகம் மூன்று செய்திகளையே சொல்லும்: இதோ அடுத்த அளவு, இதோ ஒரு பிழை, இத்துடன் முடிந்தது. உள்வரும் நீரின் ஓட்டத்தையும் வெளியேறும் நீரின் தன்மையையும் இரண்டு ஓடைகளாகக் கொண்டு, அவற்றை இணைத்து, பத்து நிமிடம் தொடர்ந்து வரம்பு மீறினால் அறிவி என்னும் விதியைச் சில வரிகளில் தெளிவாக எழுதிவிடலாம். பழைய முறையில் அதே விதி, நேரத்தைக் குறித்துவைக்கும் மாறிகளும் ஒன்றையொன்று அழைக்கும் கால்பேக்குகளும் பின்னிய சிக்கலாகி, எழுதியவருக்கே ஆறு மாதத்தில் விளங்காமற் போகும். இந்த உபகாரத்தை நான் குறைத்து மதிக்கவில்லை.

எனினும், தோஷம் முறையில் இருப்பதைக் காட்டிலும் அதைக் கற்கும் வழியிலேயே அதிகம் என்பது என் அபிப்பிராயம். மேப், ஃபில்டர், ஃபிளாட்மேப், ஸ்விட்ச்மேப் என்று ஓடைகளைக் கையாளும் செயலிகளின் பெயர்களை அடுக்கி, கோட்டின்மீது வண்ண மணிகள் நகரும் படங்களைக் காட்டி, மவுஸ் சொடுக்குகளைக் கொண்டு அப்பியாசம் செய்விப்பதே பெரும்பாலான பாடங்களின் கிரமம். தட்டச்சு செய்பவர் சற்று ஓயும்வரை பொறுத்திருந்து பிறகு தேடுவதற்கென்று எடுத்துக்காட்டப்படும் டிபவுன்ஸ் என்பதைக் கற்ற மாணவர், கருவியின் சலசலப்பை அடக்க அதுவே உகந்ததென்று கருதி எச்சரிக்கையின் முன்னே வைத்துவிடுகிறார் என்று கொள்வோம். ஒவ்வொரு நொடியும் புதிய அளவு வந்துகொண்டிருக்கையில், ஐந்து நொடி ஓய்வை எதிர்நோக்கும் அச்செயலி ஒருபோதும் வாய் திறவாது. நீர் விடாமல் கெட்டுக்கொண்டிருக்க, நிரல் விடாமல் பொறுத்துக்கொண்டிருக்கும். மாறினாலன்றிச் சொல்லாதே என்னும் வேறொரு செயலியை வைத்தாலோ, சுண்ணாம்பும் கொழுப்பும் படிந்த மின்முனை ஒரே எண்ணில் உறைந்துபோன நாளை, எல்லாம் சீராக நடந்த நாளிலிருந்து பிரித்தறிய வழியில்லை.

இவற்றினும் கொடியது ஒன்று உண்டு. வாசிக்க இயலாத ஒரேயொரு வரி வந்து பிழை எழும்போது, அதைப் பிடித்து மீளத் தொடங்கும்படி எழுதாவிடில், விதிப்படி ஓடை அங்கேயே முடிந்துபோகும்; அப்பிழையை எங்கும் பதிவுசெய்யாத நிரலானால் திரையில் ஒரு குறையும் தோன்றாது. நிகழ்ச்சி இல்லாமையும் செய்தி இல்லாமையும் வேறு வேறு என்னும் விவேகத்தை மாணவருக்கு ஊட்ட டைம்அவுட் என்ற செயலியே போதும். அதைக் கடைசி அத்தியாயத்தில் அவசரமாகச் சொல்லிப் போவது எனக்குப் பொறுக்கவில்லை. பிழையின் மூலத்தைத் தேடும் வேளையில் நூலகத்தின் உட்புறமே வரிவரியாகத் தெரிந்து, தான் எழுதிய வரி கண்ணிற்படாத சிரமத்தையும் இங்கே சேர்த்துச் சொல்லவேண்டும்.

தாங்கும் அளவே அனுப்பு என்று வாங்குபவர் கொடுப்பவரிடம் சொல்லும் பேக்பிரஷர் என்னும் ஏற்பாடு, 2015இல் ரியாக்டிவ் ஸ்ட்ரீம்ஸ் என்ற பொது விதியாக வகுக்கப்பட்டு, 2017இல் ஜாவா 9இல் இடம்பெற்றது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் தோல் முதலாளியிடம் அடுத்த டிரம்மை நாளைக்கு ஏற்றுங்கள் என்று சொல்லலாமேயன்றி, ஓடும் நீரை அளக்கும் கருவியிடம் பொறு என்று சொல்ல இயலாது. தாங்காமல் மிஞ்சும் அளவுகளைத் தேக்குவதா, விடுவதா, கடைசியாக வந்ததை மட்டும் வைத்துக்கொள்வதா என்று தீர்மானிக்கவேண்டும். எதை இழக்கலாம் என்னும் அத்தீர்மானம் நிரலாளர் ஒருவர் தனித்துச் செய்யத்தக்கதன்று. 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுச்சேறு தேக்கியிருந்த தொட்டியின் சுவர் இடிந்து, அருகே உறங்கிய பத்துத் தொழிலாளர்கள் மாண்டனர். அத்துயரை நிரலுக்கு உவமையாக்குதல் தகாது. ஆயினும் எல்லையில்லாமல் தேக்கலாம் என்னும் வாக்கியத்தை இவ்வட்டாரத்தில் எவரும் இலேசாக எழுதக்கூடாது.

காலணித் தொழிற்சாலையின் சம்பளப் பட்டியலுக்கும் சரக்குக் கணக்குக்கும் இம்முறை வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கான இணைப்புகளைத் தாங்குவதற்கென்றே இதனைக் கைக்கொண்டவர்களுக்கும், 2023இல் ஜாவா 21 தந்த மெய்நிகர் இழைகள், சாதாரண நடையில் எழுதியே அப்பயனைப் பெற வழிசெய்துவிட்டன. காலத்தோடு பிணைந்த பல ஓடைகள் கலக்கும் இடமே இதற்குரிய இடம்.

ஆகவே கற்க வருகிற மாணவரிடம், சுத்திகரிப்பு நிலையத்துக் கருவியொன்றின் ஒரு நாள் அளவுகளை, பின்னிரவு இரண்டு மணி முதல் மூன்று மணி வரை ஒன்றுமே பதிவாகாத வண்ணம் கொடுத்து, அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி உங்கள் நிரல் என்ன சொல்லும் என்று நான் முதலிற் கேட்பேன். அவர் எழுதிக் காட்டியதைப் படித்த பிறகே, வண்ண மணிகளின் படத்தை அவர்முன் விரிப்பேன்.